அரை நொடி முன்னால்

புதுச்சேரிக்கு அந்த மாதம்
பேசும் படம் ஒன்று வந்திருந்தது.
பேசியது இங்கிலீஷ்.
கொட்டகை முழுக்கப் பிரெஞ்சும் தமிழும்.
அண்ணன் வீட்டுக்கு வருகிற சாக்கில்
மஞ்சக்குப்பத்துப் பள்ளியில்
ஐந்தாம் பாரத்துக்கு இலக்கணம் நடத்தும் நான்,
நவமணி எஸ்தர்,
மூன்றாம் வரிசையில், மடியில் குடையோடு.
பக்கத்தில் அண்ணி, பெயர் போடும்போதே தூங்கிவிட்டாள்.

நாடகத்தைத் தூக்கி அப்படியே வைத்திருந்தார்கள்.
கேமராவும் டிக்கெட் வாங்கி உட்கார்ந்ததுபோல
ஒரே இடத்தில்.
ஒரு கூடம், இரண்டு கதவு.
இடக் கதவில் கடன்காரன் நுழைந்தால்
வலக் கதவில் கதாநாயகன் வெளியேறுவான்.
காதலைச் சொல்ல வேண்டுமா, பூச்சாடிப் பக்கம் போ.
அத்தை கோபித்தாலும் பூச்சாடி,
வேலைக்காரி தும்மினாலும் பூச்சாடி.
பூவுக்குள் மைக்கை ஒளித்திருப்பார்களாம்,
ஆப்பரேட்டர் ஆரோக்கியம் பிறகு சொன்னான்.
அதுவரை
வெள்ளைக்காரர்களுக்கு ரோஜா என்றால் உயிர் என்றே
நினைத்திருந்தேன்.

கதை இவ்வளவுதான்:
அத்தையின் சொத்து வேண்டும், அதற்குப் புருஷன் வேண்டும்.
மூன்று நாளைக்கு
ஒருவனை வாடகைக்கு எடுக்கிறாள் ஒருத்தி.
ரசீது கேட்கிறான் அவன்.

நான் சிரித்தேன்.
அரை நொடி கழித்து
எனக்குப் பின்னால் ஒரு சிரிப்பு.
இன்னும் அரை நொடியில் கொட்டகை முழுக்க.

மறுபடி சிரித்தேன். மறுபடி அதே வரிசை:
நான், அவர், ஊர்.
கோர்ட்டுத் துபாசி கப்ரியேல் ஞானாதிக்கம்,
ஆறு மாதக் கடுங்காவலையும்
விருந்துக்கு அழைப்பதுபோலத் தமிழில் சொல்பவர்.
அவருக்குத் தெரியாத பாஷை ஏது என்று
அவர் வாயைப் பார்த்துச் சிரித்தது புதுச்சேரி.
அவரோ
என் தோளைப் பார்த்துச் சிரித்தார்.

பாவம் செய்தேன்.
மூன்றாம் நாள் மாலை. அவன் பெட்டி கட்டிவிட்டான்.
அவள் கைக்குட்டையைத் தேடுகிறாள்.
அந்த இடத்தில்
வேண்டுமென்றே தோளைக் குலுக்கினேன்.
பின்னால் சிரிப்பு.
பிறகு ஊரே,
முன்வரிசைச் சொல்தா முதல் சோடாக்காரன் வரை,
ஒரு பெண் அழுவதைப் பார்த்து
விழுந்து விழுந்து சிரித்தது.
அண்ணிகூட எழுந்து சிரித்தாள்.

வாசலில் சைக்கிள் விளக்கை ஏற்றிக்கொண்டே கேட்டார்:
"அந்த அழுகையில் என்ன வேடிக்கை?"
"ஒன்றுமில்லை. நீங்கள்தான்."
தீக்குச்சி அவர் விரலைச் சுட்டது.

அடுத்த சனி.
அதே படத்துக்கு மறுபடி எதற்கு என்றாள் அண்ணி.
"உச்சரிப்பு" என்றேன்.

இந்த முறை அவர் பின்னால் இல்லை.
ஒரு நாற்காலி தள்ளி என் வரிசையிலேயே.
நடுவில் என் குடை உட்கார்ந்திருந்தது.
நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.
எப்போது சிரிப்பதென்று தெரியாமல்
தவித்தது ஊர்.

ஐந்தாம் ரீலில் சத்தம் போயிற்று.
பூச்சாடி அருகே உதடுகள்
வலையில் ஏறிய மீன்வாய்போலத் திறந்து மூடின.
தரை டிக்கெட்டில் விசில். மேலே
ஆரோக்கியம் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.
அப்போது,
தீர்ப்புச் சொல்கிற அதே நிதானத்தில்,
திரையிலிருந்து கண் எடுக்காமல்,
கதாநாயகன் வாயசைவுக்கு ஒட்ட:

"அம்மணி, வாடகை நாள் முடிந்தது.
சாவியை எங்கே வைக்கட்டும்?
இல்லை, என்னிடமே இருக்கட்டுமா?"

அவன் அங்கே நிஜமாகச் சொல்வது எனக்கு மனப்பாடம்:
ஏழு நாற்பது ரயில், மழைக்கோட்டு,
தையல்காரனுக்குத் தரவேண்டிய பாக்கி.
பிழையான மொழிபெயர்ப்பு. முழுக்கப் பிழை.
சிவப்பு மசிக்கு அன்று வேலை இல்லை.

அவள் உதடு அசையத் தொடங்கியது.
இனி என் முறை.
வாயைத் திறந்தேன்,
சத்தம் திரும்பிவிட்டது.

கடலூருக்குக் கடைசி பஸ். ரெட்டிச்சாவடியில்
லாந்தரோடு ஏறினார் சுங்கக்காரர்.
சாராயம், பட்டு, சென்ட்டு ஏதாவது?
குடையைப் பிரித்தே பார்த்தார்.
உள்ளிருந்து விழுந்தது
அடுத்த சனியின் டிக்கெட் ஒன்று.
நான் வாங்கியதல்ல.

சிரித்துவிட்டேன்.
பஸ்ஸில் யாரும் கூடச் சிரிக்கவில்லை.
அரை நொடி
காத்திருந்தேன்.